இத்தாலியச் சொல்லில் அசையும் எடுப்பும்

இத்தாலிய மொழியின் இலக்கண நூலார், ஒரு சொல்லில் எந்த அசை எடுத்தொலிக்கப்படுகின்றது என்பதுபற்றிச் சொற்களை வகுத்து, அவ்வகைகட்குப் பெயரிட்டிருக்கின்றனர். இலக்கணப் பெயர்கள் பெரும்பாலும் உயிரற்றவை, இவையோ அங்ஙனமல்ல. ஈற்றயலசை எடுக்கப்படும் சொல்லுக்குப் 'பியானா' என்று பெயர். சமதரை போன்றது என்பது பொருள். ஈற்றசையே எடுக்கப்படுவது 'திரொங்கா'; வெட்டுண்டது என்பது பொருள். ஈற்றிலிருந்து மூன்றாம் அசை எடுக்கப்படுவது 'ஸ்த்ருச்சொலா'. வழுக்குவது என்பது பொருள். நான்காம் அசையாயின் இருமடி வழுக்கு, ஐந்தாம் அசையாயின் மும்மடி வழுக்கு என அவர்கள் அஞ்சாது மேற்செல்கின்றனர். மேசையைக் குறிக்கும் 'தாவொலொ' என்னும் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பவர் இப்பெயரின் பொருத்தத்தை உணர்வர். நா முதலசையில் ஏறி நிற்கின்றது. பின்னுள்ள ஈரசைகளிலும் காலூன்ற இடமில்லை. பாசி படிந்த குளப்படியில் அடிவைத்தவன்போல நீர்மட்டம் வந்தே நிற்கின்றது. இம்மூன்றினையும் யாம் முறையே சமன்சொல், வெட்டுச்சொல், வழுக்குச்சொல் எனத் தமிழாக்கி வழங்குவோம்.

தொல்காப்பியமும் காரிகையும் கையில் இருக்க, தமிழ் ஆனர்ஸ் மாணவர்க்கு இத்தாலியம் எற்றுக்கு என நேயர் வினவுதல் கூடும். எம் கல்லூரிக்கு அண்மையில், ஐம்பதாண்டுகட்கு மேலாகத் தமிழ்நாட்டில் ஊழியம் செய்து ஓய்வு பெற்ற இத்தாலியக் குருவானவர் ஒருவர் வாழ்ந்து வருகின்றார். பெர்காமொ நகரையடுத்த சிற்றூர் அவர் பிறந்த இடம். தமிழில் அவர் பேசுவதைத் திரைக்குப் பின்னிருந்து கேட்பவர் அயல்நாட்டார் எனக் கருதார். கண்ணொளி மங்கிவிட்டமையால், தாய்மொழிப் புத்தகங்களையும் ஊரிலிருந்து வரும் கடிதங்களையும் பிறர் படித்துக்காட்ட வேண்டிய நிலை அவர்க்கு நேர்ந்தது. ஆங்கிலத்தில் வல்ல மாணவர் சிலர் முயன்றனர். ஒரு பத்தி முடிவதற்குள் சுவாமி காதைப் பொத்திக்கொண்டார் என்பது விடுதியிற் பரவிய செய்தி. "எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் வேண்டும், தமிழ் படிக்கிற பையன் யாராவது உண்டா?" என்று அவர் கேட்டனுப்பியதன்மேல், வாரத்தில் இரண்டு மாலைகள் யாம் செல்லலாயினோம்.

பொருள் தெரியாத மொழியை ஒருவர் படித்துக்காட்டுதல் எங்ஙனம் இயலும்? இத்தாலியத்தில் இயலும். அதன் நெடுங்கணக்கு 21 எழுத்துகளை உடையது. சில விதிகளை அறிந்தால், எழுதியதைக் கண்டவாறே ஒலிக்கலாம். ஆங்கிலத்திற் காணும் ஊமை எழுத்துகளின் கூட்டம் அங்கே இல்லை. ஹகரத்துக்குரிய எழுத்து ஒன்று ஒலியாது நிற்பது உண்மையே. ஆயினும் அதுவும் வாளா இராது, சகரமாகத் திரிய இருக்கும் ககரத்தைத் திரியாமற் காக்கும் காவற்காரனாகப் பெரும்பாலும் பணி செய்கின்றது. ஆகவே முதல் மாதத்திலேயே யாம், ஒரு சொல்லின் பொருளும் அறியாமல், பக்கம் பக்கமாகப் படித்துச் சென்றோம். சுவாமி பொருளை அறிந்து மகிழ்ந்தார். யாம் ஓசையை அறிந்து மகிழ்ந்தோம்.

அசை பிரிக்கும் முறையை ஈண்டுச் சிறிது கூற வேண்டும். யாப்புப் பயின்றவர்க்கு அசை என்றவுடன் நேரும் நிரையும் நினைவுக்கு வரும். இத்தாலியர் அசை அதுவன்று. 'மலர்' என்பது நமக்கு நிரையசை ஒன்று. அவர் கணக்கில் ஈரசை. ஓர் உயிரேனும், ஒன்றிக் கலந்தொலிக்கும் ஈருயிரேனும் இருந்தால் ஓரசை. குறில் இணைந்து வரினும் அவர்கள் சேர்த்து எண்ணார். ஈருயிர்க்கிடையே நின்ற தனிமெய் பின்னுயிரோடு சேரும்: அ-மோ-ரெ, அன்பு. இது நம் உயிர்மெய்யின் இயல்பே. இரட்டித்த மெய் நடுவே பிளந்து இருபுறமும் செல்லும்: கத்-தொ, பூனை. ரகர லகர மகர னகரங்களின்பின் வேறு மெய் வந்தாலும் அங்ஙனமே: பொர்-த, கதவு, அல்-தொ, உயர்ந்தது. ஆனால் வல்லெழுத்தின்பின் ரகரமோ லகரமோ வந்தால் இரண்டும் பிரியாமல் அடுத்த அசைக்கே போகும். புத்தகம் என்பது லீ-ப்ரொ. தமிழ் நா அதனை லிப்-ரொ எனப் பிளக்கவே விழையும்.

உயிர்கள் அடுத்தடுத்து வரும்போது அவர்கள் செய்வது எமக்கு வேடிக்கையாகத் தோன்றிற்று. சில இடங்களில் இரண்டும் கலந்து ஓரசையாகும். வேறு சில இடங்களில் இரண்டும் ஒன்றையொன்று பாராத அயலார்போல் தனித்தனி நிற்கும். புலவனைக் குறிக்கும் 'பொஎத' மூன்று அசை. நாமாயின் அங்கே ஓர் உடம்படுமெய்யை இட்டுச் சமாதானம் செய்து வைப்போம். அவர்கட்கு அது தேவையில்லை போலும் என்று நினைத்திருந்தோம். பின்னர்த்தான் அறிந்தோம்: இலத்தீனில் 'மாந்துஆ', 'கெனுஆ' என உயிர்கள் அடுத்து நின்ற ஊர்ப்பெயர்கள் இரண்டும் இன்று இத்தாலியத்தில் மாந்தொவா, ஜெனொவா என வழங்குகின்றன. இடையிற் புகுந்து நிற்பது வகரம்! உகரத்தின்பின் வகர உடம்படுமெய் என்னும் விதியை நன்னூல் கற்காத அந்நாட்டு மக்களும் நா செல்லும் வழியே கண்டுகொண்டிருக்கின்றனர்.

இரட்டித்த மெய்யை ஒலிப்பதில் தமிழர்க்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. இத்தாலியத்தில் ஒற்றை லகரத்தோடு 'பால' என்றால் மண்வாரி. இரட்டை லகரத்தோடு 'பல்ல' என்றால் பந்து. ஒற்றை னகரம் ஒன்பதாவது என்னும் பொருள் தரும். இரட்டை னகரம் பாட்டனைக் குறிக்கும். தாகமும் ஏழு என்னும் எண்ணும் ஒரு தகரத்தால் வேறுபடுகின்றன. ஆங்கிலேயர்க்கு இவ்வேறுபாடு எளிதில் வாராது. பலிக்கும் பல்லிக்கும், கனிக்கும் கன்னிக்கும், புளிக்கும் புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டைத் தாய்மடியிற் கற்ற நமக்கு இஃது ஒரு பொருட்டன்று. இதில் நகைச்சுவை ஒன்று உண்டு. வட இத்தாலியர் வழக்கில் இரட்டித்த மெய்கள் நெகிழ்ந்து ஒற்றையாக ஒலிக்கும் இயல்புடையவை. எம் சுவாமியும் வடநாட்டார். ஒரு நாள் யாம் படிப்பதைக் கேட்டிருந்தவர், "நீ எங்கள் ஊர்க்காரன்போலப் படிக்கவில்லை, தம்பி, புத்தகத்தில் எழுதியிருக்கிறதுபோலப் படிக்கிறாய். என் ஆசிரியர் கேட்டிருந்தால் எனக்கு அடி விழுந்திருக்கும்" என்றார்.

இனி, அறிஞரிடையே வழக்குக்கு இடமான ஒன்று. ஸகரத்தை அடுத்து வேறு மெய் வந்தால் எங்கே வெட்டுவது? இத்தாலியப் பள்ளிப் புத்தகங்கள் ஐயமின்றி விடை கூறும்: ஸகரம் முன்னசையைச் சேராது, பின்னசைக்கே உரியது. பஸ்தா என்னும் உணவின் பெயரை வரி முடிவில் முறிக்க நேர்ந்தால் 'ப' என்பதை மேல்வரியிலும் 'ஸ்தா' என்பதைக் கீழ்வரியிலும் எழுதுவர். எழுத்து அங்ஙனம் இருக்க, வாய் வேறு கூறுகின்றது. இத்தாலியத்தில், எடுக்கப்படும் அசை ஈற்றசையாகாது நின்று, அதன் இறுதியில் ஒற்றில்லையேல், அவ்வசையின் உயிர் நீண்டொலிக்கும்; ஒற்றடுத்தால் நீளாது. ரொட்டியைக் குறிக்கும் 'பானெ' என்னும் சொல்லில் அகரம் நீளுகின்றது. பஸ்தாவிலோ நீளவில்லை. நீளாமையால், ஸகரம் முன்னசையின் ஒற்றாகவே நிற்கின்றது எனக் கொள்ளவேண்டும் என்பது இக்கால ஒலிநூலார் பலர் கருத்து. எமக்கும் அதுவே ஏற்புடைத்து. இதற்குச் சான்று தேடி யாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. வீரமாமுனிவரின் குடிப்பெயர் இத்தகைய ஸகரத்தையே உடையது. அவர் நாட்டுப் புத்தக முறைப்படி அது 'பெ' எனவும் 'ஸ்கி' எனவும் பிரியும். பிரிவது உண்மையாயின் முதலசை ஒற்றின்றி நின்று நீண்டு, 'பேஸ்கி' என நம் செவியில் விழுந்திருக்கும். நாமோ பெஸ்கி என்று குறிலால் எழுதி வருகின்றோம். எழுதியவர் காது நேர்மையான காது.

அதே காதுக்கு மற்றொரு சான்று, 1606-ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த நோபிலி என்னும் பெயர். அது வழுக்குச்சொல்; முதலசை எடுக்கப்பட்டு, ஒற்றின்மையால் நீளுகின்றது. ஆங்கிலத்தின் வழியே அப்பெயரை அறிந்தவர்கள் நடுவசையை நீட்டி 'நொபீலி' என்று சொல்லக் கேட்டிருக்கின்றோம். தமிழ்ப் புத்தகங்கள் நோபிலி என்று சரியாகவே எழுதுகின்றன.

அசை பிரிக்க விதி உண்டு. விதியைக் கற்றால் அச்சமில்லை. எடுப்பு எங்கே என்பதற்கோ எழுத்தில் விடை இல்லை. வெட்டுச்சொற்களுக்கு மட்டும் ஈற்றுயிரின் தலைமேல் ஒரு சாய்கோடு இடுவது கட்டாயம். நகரத்தைக் குறிக்கும் சொல்லும், காப்பியைக் குறிக்கும் சொல்லும், 'ஏன்' என்னும் வினாச்சொல்லும் அக்கோட்டினைத் தாங்கி நிற்கும். மற்றைச் சொற்களுக்குக் குறியிடுவதில்லை. சமன்சொற்களே மிகுதியாதலின், ஐயமுற்ற இடத்தில் ஈற்றயலை எடுத்துப் படித்தல் பெரும்பாலும் பொருந்தும். ஆயினும் அடிக்கடி வழங்கும் சொற்கள் பல வழுக்குச்சொற்களாகவே உள்ளன. மரம், மக்கள், இசை, மேசை, ஊசிமுனையினும் கூரிய நெருஞ்சிமுள் போல இவை வழிநெடுகச் சிதறிக் கிடக்கின்றன. ரோமா, மிலானொ, தொரீனொ என்னும் ஊர்ப்பெயர்கள் சமன்சொற்கள். நாபொலி, ஜெனொவா, மாந்தொவா, பாதொவா, மோதெனா, பெர்காமொ என்பன வழுக்குச்சொற்கள். பார்வைக்கு இவற்றிடை யாதொரு வேறுபாடும் தோன்றாது.

இதற்குக் காரணம் இலத்தீனில் உள்ளது. அம்மொழியின் விதி யாப்பு மாணவர்க்கு மிக இனிக்கும். ஈற்றயலசை நெடிலாகவோ, ஒற்றடுத்ததாகவோ இருப்பின் எடுப்பு அதன்மேல் நிற்கும். ஒற்றில்லாத குறிலாயின் அது தாங்கமாட்டாது, எடுப்பு முன்னசைக்கு ஏறிவிடும். மிலானொவின் பழம்பெயர் 'மெதியொலானும்'. அதன் ஈற்றயல் நெடில், ஆகவே எடுப்பு அங்கே நின்றது. மாந்துஆ என்பதன் ஈற்றயல் குறில், ஆகவே முதலசைக்கு ஏறிற்று. பிற்காலத்தில் இலத்தீனின் குறில் நெடில் வேறுபாடு மக்கள் நாவில் அழிந்துபோயிற்று. எடுப்பு மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. காரணம் மறைந்தது, காரியம் நின்றது. வெட்டுச்சொற்களின் வரலாறும் இத்தகையதே. நகரத்தைக் குறிக்கும் 'சித்தா' என்பது முன்னாளில் 'சித்தாதெ' என ஈற்றில் ஓரசை மிக்கிருந்தது. எடுப்பு அதன் ஈற்றயலில் இருந்தது. வால் வெட்டுண்டது, எடுப்பு தன் இடத்திலேயே நின்றமையால் ஈறாயிற்று. ஆகவே வெட்டுச்சொல் என்னும் பெயர் வெறும் உவமையன்று; நடந்த செய்தியைக் கூறுவது.

இந்த அசையாத் தன்மை வினைச்சொற்களில் இன்னும் தெளிவாகத் தோன்றும். 'பார்ல' என்பது அவன் பேசுகின்றான் எனப் பொருள்படும். பன்மைக்கு ஈற்றில் 'னொ' சேர்த்துப் 'பார்லனொ' என்பர். எடுப்பு முதலசையை விட்டு நகராமையால் சமன்சொல் வழுக்குச்சொல்லாகின்றது. எனக்கு, அதனை என்னும் பொருளுடைய சிறு சொற்களை ஏவல்வினையின் பின்னே ஒட்டிக்கொண்டே போனாலும் எடுப்பு திரும்பிப் பாராது. மும்மடி வழுக்குச்சொல் பிறப்பது இவ்வழியில்தான்.

இவற்றையெல்லாம் எமக்குக் கற்பித்தது சுவாமியின் வலக்கை ஆட்காட்டி விரல். யாம் படிக்கும்போது அவர் கண்மூடிச் சாய்ந்திருப்பார். ஒவ்வொரு சொல்லிலும் எடுப்பு விழும் அசை வரும்போது அவ்விரல் நாற்காலியின் கைப்பிடியை மெல்லத் தட்டும். தாளத்துக்குப் பாட்டா, பாட்டுக்குத் தாளமா என்று தெரியாதபடி சில நாள்கள் சென்றன. புதிய வழுக்குச்சொல் வருமுன் யாம் சற்றே தாமதித்தால், விரல் முன்னதாகத் தட்டி வழிகாட்டும். தாந்தேயின் பெருங்காப்பியத்தைப் படித்த மாலைகளில் அவ்விரல் ஓய்ந்ததே இல்லை. 14,233 அடிகளை உடைய அந்நூலின் அடி பதினோரசை அடி என்று சொல்லப்படும். ஆனால் உண்மையில் வேண்டப்படுவது, கடைசி எடுப்பு பத்தாம் அசையில் விழுதலே. அடி வெட்டுச்சொல்லால் முடியின் பத்து அசையே இருக்கும். வழுக்குச்சொல்லால் முடியின் பன்னிரண்டு இருக்கும். இரண்டும் பதினொன்றாகவே எண்ணப்படும். எண்ணிக்கையினும் எடுப்பே அரசு செலுத்துவதை இங்கே காண்க.

எடுத்தல், படுத்தல், நலிதல் என்பன நம் இலக்கண நூலாரும் அறிந்தவையே. நன்னூலார் அவற்றைக் குறித்திருக்கின்றார். எனினும் தமிழில் எடுப்பு மாறினால் சொல் மாறுவதில்லை. இத்தாலியத்தில் மாறும். ஒரே எழுத்துகளால் ஆன சொல், முதலசையை எடுத்தால் நங்கூரம். நடுவசையை எடுத்தால் 'இன்னும்' என்னும் இடைச்சொல். அரசிளங்குமரரும் கொள்கைகளும் எழுத்தில் ஒருவரே, எடுப்பில் இருவர். படித்தல் என்னும் வினையும் கனமற்றவை என்னும் பெயரும் அவ்வாறே. ஒரே சொல், முதலசையை எடுத்தால் 'நிகழ்கின்றன'. ஈற்றயலை எடுத்தால் 'படைத்தலைவன்'. ஈற்றை எடுத்தால் 'அவன் தலைமை தாங்கினான்'. திருத்தந்தையும் வீட்டிலுள்ள அப்பாவும்கூட ஈற்றெடுப்பு ஒன்றினாலேயே வேறாகின்றனர். நல்வேளையாக அப்பா வெட்டுச்சொல் ஆதலின் தலையிற் கோடு தாங்கி வருகின்றார்.

இவ்வளவோடு நின்றாலும் பொறுக்கலாம். இத்தாலியத்தில் எகரம் இரண்டு, ஒகரம் இரண்டு. ஒன்று வாய் விரிந்து ஒலிப்பது, மற்றொன்று குவிந்து ஒலிப்பது. குழிப்பேரிப் பழமும் மீன்பிடித்தலும் இவ்வெகர வேறுபாட்டால் பிரிவன. இருபதும் காற்றுகளும் அங்ஙனமே. எழுத்திலோ வேறுபாடு இல்லை. விசென்ஸா நகரத்துப் புலவர் திரிஸ்ஸினொ என்பார் இக்குறையைப் போக்கக் கருதி, 1524-ஆம் ஆண்டில் திருத்தந்தை ஏழாம் கிளமெந்துக்கு எழுதிய மடலொன்றை வெளியிட்டு, கிரேக்க எழுத்துகளைக் கடன்வாங்கி எகரத்தையும் ஒகரத்தையும் இவ்விரண்டாக எழுதிக்காட்டினார். நாட்டார் ஏற்றிலர். உகரத்துக்கும் வகரத்துக்கும் தனித்தனி வடிவம் வேண்டும் என்று அவர் கூறியது மட்டும் பிற்காலத்தில் நிலைத்தது.

திரிஸ்ஸினொவின் மடலுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளின்பின், அதே நாட்டினர் ஒருவர் தமிழ்நாட்டில் இதே வேலையைச் செய்து வெற்றி பெற்றார். நம் பழைய எழுத்தில் எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெற்று நெடிலினின்று வேறுபட்டன. ஓலையில் புள்ளி பெரும்பாலும் இடப்படாமையால், படிப்போர் இடம் நோக்கியே குறிலா நெடிலா எனத் துணிய வேண்டியிருந்தது. 1680-இல் காஸ்தில்யோனெ என்னும் ஊரிற் பிறந்து இங்கு வந்த வீரமாமுனிவரே கொம்பினைச் சுழித்து நெடிலுக்கு வடிவம் தந்தார் என்று சொல்லப்படுகின்றது. தம் தாய்மொழி பெறாத ஓர் உதவியைப் பிறமொழிக்குச் செய்த அவர்க்கு, அது நினைவில் எழுந்திருக்குமோ என எண்ணிப் பார்ப்பதுண்டு.

அச்சுழியை யாம் அவர் மொழிக்கே திருப்பிப் பயன்படுத்தினோம். எடுப்புத் தெரியாத சொற்களை ஒரு குறிப்பேட்டில் தமிழெழுத்தால் எழுதி வந்தோம். எடுக்கப்பட்டு ஒற்றின்றி நிற்கும் அசைக்கு நெடில், பிறவற்றுக்குக் குறில். நங்கூரம் 'அங்கொர', இன்னும் என்பது 'அங்கோர'. இத்தாலிய அச்சில் மறைந்து நின்ற வேறுபாடு தமிழெழுத்தில் வெளிப்பட்டுவிட்டது! ககரத்துக்கும் அதன் மெலிந்த ஒலிக்கும் நம் எழுத்தில் வேற்றுமை இன்மையால் வேறு இடர்ப்பாடுகள் நேர்ந்தன. அவை ஒருபுறம் இருக்க. அக்குறிப்பேட்டில் அடுத்தடுத்து இருந்த இரு சொற்கள் 'பெர்தொனொ', 'பெர்தோனொ' என்பன. இரண்டுக்கும் இத்தாலிய எழுத்து ஒன்றே. முன்னது, இழக்கின்றார் அல்லது இழக்கின்றன என்னும் பன்மை வினைமுற்று. பின்னது, மன்னிக்கிறேன் என்னும் தன்மை வினைமுற்று. மன்னிப்பு என்னும் பெயரும் அதுவே.

சுவாமிக்கு இளைய சகோதரர் ஒருவர் உண்டு. தாயார் இறந்தபோது சுவாமி ஊர் செல்லவில்லை. செல்ல இயலாமைக்குக் காரணம் என்னவாயிருந்தது என்பதை அவர் சொன்னதில்லை. அதுமுதல் சகோதரர் கடிதம் எழுதவில்லை என்பதை மட்டும் ஒருமுறை சொல்லியிருந்தார். சென்ற கார்காலத்தில் ஒரு மாலை, யாம் சென்றபோது அஞ்சல் உறை ஒன்று அவர் மடியில் இருந்தது. உறையின்மேல் யார் பெயர் உள்ளது என்று கேட்டார். சொன்னோம். பிரிக்கச் சொன்னார்.

ஒரே தாள்; நடுங்கிய கையெழுத்து; ஆயினும் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக இருந்தது. ஆலங்கட்டி மழையில் திராட்சை அழிந்தது, கோயிற் கூரைக்குப் புதிய ஓடு போட்டார்கள், அத்தை வீட்டை விற்றுவிட்டார்கள் என்று கடிதம் சென்றது. இந்நாளில் யாமும் பொருள் ஓரளவு அறிவோம். விரல் வழக்கம்போலத் தட்டிக்கொண்டிருந்தது. அதன்பின் ஒரு சிறு வாக்கியம். 'ஆண்டுகள் கடந்துபோகின்றன' என்பது அதன் முற்பகுதி. வழுக்கு வினைமுற்று, விரல் முதலசையில் தட்டிற்று. பிற்பகுதியில் இரண்டே சொற்கள். முதலாவது, 'உன்னை' என்பது. இரண்டாவது, குறிப்பேட்டில் யாம் இருமுறை எழுதி வைத்த சொல்.

இத்தாலிய வினைமுற்றும் நம்முடையதுபோல எழுவாயைத் தனக்குள் அடக்கி நிற்பது. ஆண்டுகளே எழுவாயாயின், அவை கடந்துபோகின்றன, உன்னை இழக்கின்றன. எழுதியவரே எழுவாயாயின், ஆண்டுகள் கடந்துபோகின்றன, உன்னை மன்னிக்கிறேன். இரண்டும் இலக்கணத்துக்குப் பொருந்தும். இரண்டும் அவ்விடத்துக்குப் பொருந்தும். யாம் அச்சொல்லின் மூன்று அசைகளையும், ஒன்றையும் எடாமல், தமிழர் படிக்கும் சமநிலையில், ஒரே அளவாகப் படித்து நிறுத்தினோம். விரல் கைப்பிடிக்கு மேலே நின்றது, தட்டவில்லை.

"எழுத்துக் கூட்டிச் சொல்லு, தம்பி" என்றார்.

ஏழு எழுத்துகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னோம்.

"மேலே எங்கேயாவது கோடு இருக்கிறதா?"

"இல்லை, சுவாமி."

சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "எப்படி இருக்கும்? பள்ளிக்கூடத்தில் ஒரு எழுத்துப் பிழை செய்யமாட்டான்" என்றார்.

அடுத்த வாக்கியத்தைப் படிக்கச் சொன்னார். அது ஓட்டின் விலையைப் பற்றியது. அதற்கும் அடுத்தது, குளிர் இவ்வாண்டு முந்திவிட்டது என்பது. கையொப்பம் வரையில் படித்து முடித்தோம். அவ்விரு பொருளில் ஒன்றைத் துணிதற்குரிய சொல் வேறெங்கும் இல்லை. பேசியிருந்தால் ஒரு மூச்சில் தெளிந்திருக்கும். தாளை வாங்கி மடித்துத் தம் செபப்புத்தகத்தினுள் வைத்துக்கொண்டார். அன்று வேறொன்றும் படிக்கவில்லை.

மூன்று நாள் கழித்துச் சென்றபோது மறுமொழி எழுத வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். உடல்நலம், இங்குள்ள மழை, கண்ணின் நிலை, படித்துக்காட்ட ஒரு பையன் வருகின்ற செய்தி. அதன்பின் தாயாரைப்பற்றி நான்கு வரிகள், அவற்றை ஈண்டுக் கூறுவதற்கில்லை. முடிவில், உன்னிடம் மன்னிப்பு வேண்டுகிறேன் என்னும் வாக்கியம். அங்கே அச்சொல் பெயர். முன்னுள்ள வினை 'வேண்டுகிறேன்' என்பது. வேறு பொருள் கொள்ள அணுவளவும் இடமில்லை. குறியிட வேண்டும் என்று எந்த இலக்கணமும் விதிக்கவில்லை.

"அந்த நடு ஒகரத்துக்கு மேலே கோடு போடு" என்றார்.

குவிந்த ஒகரத்துக்குரிய, வலப்பக்கம் மேல்நோக்கிச் சாயும் கோட்டினை இட்டோம்.

"போட்டாயா?"

"போட்டுவிட்டேன், சுவாமி."

"கொஞ்சம் பெரிதாகவே போடு. அவனுக்கும் கண் சரியாக இருக்காது."

கோட்டினை மீண்டும் அழுத்தி நீட்டினோம். உறையின்மேல் முகவரி எழுதும்போது, பெர்காமொ என்னும் பெயரின் முதலசைக்கும் குறி வேண்டுமோ என்று கேட்டோம். விரலால் கைப்பிடியை ஒருமுறை தட்டி, "அது வேண்டாம், தபால்காரனுக்குத் தெரியும்" என்றார்.